இரண்டு டைனமோவும் இருபத்தாறு விளக்குகளும்

1986 மாசி மகத்துக்கு முந்தின இரவு, சைதாப்பேட்டையிலிருந்து மகாபலிபுரத்துக்குப் புறப்பட்டபோது எங்களிடம் பதினொரு சைக்கிள்கள் இருந்தன. எரிகிற டைனமோ இரண்டு. மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. அது மனசு வைத்தால் எரியும்.

பதினொன்றில் நான்குதான் சொந்த சைக்கிள். மீதி ஏழும் வாடகைக் கடைச் சரக்கு, மட்கார்டில் வெள்ளை பெயின்ட்டால் நம்பர் போட்டவை. பகலில் மணிக்கணக்குக்கு யாருக்கும் விடுவார் கடைக்காரர். ராத்திரி முழுக்க வேண்டுமென்றால் தெரிந்த ஆள் ஒருவர் ஜவாப் சொல்ல வேண்டும். எங்களில் ஒருவனுடைய அப்பா அதே தெருவில் தையற்கடை வைத்திருந்தார். அவர் பெயரைச் சொல்லித்தான் ஏழு சைக்கிளும் வெளியே வந்தன. எங்கே போகிறோம் என்று கேட்டதற்கு, "அடையாறு பக்கம்" என்றோம். அடையாறு வழியாகத்தானே போக வேண்டும்.

போன மாசியில் அதே ஊருக்குத் திருவான்மியூரிலிருந்து கிளம்பிய கூட்டத்தில் 26 பேர். முன்னே ஒரு எல்.இ.டி., பின்னே சிமிட்டும் சிவப்பு, தலையில் ஹெல்மெட், மேலே வெளிச்சம் பட்டால் மின்னும் சட்டை என்று ஒவ்வொருவரும் தீபாவளிக் கடை மாதிரி நின்றார்கள். முதல் 20 கிலோமீட்டருக்குள் அந்தக் கூட்டம் நான்காக உடைந்துவிட்டது. 1986-இல் நாங்கள் ஒரு தடவைகூட உடையவில்லை. அப்போது நாங்கள் ஒற்றுமையான பிள்ளைகள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். புறப்பட்ட அரை மணி நேரத்தில் மாமியார் மருமகள் மாதிரி சண்டை போட்டோம். எங்களைச் சேர்த்து வைத்தது அந்த இரண்டு டைனமோ.

டைனமோ என்பது இன்றைக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய பொருளாகிவிட்டது. சின்ன பாட்டில் மாதிரி இருக்கும். ஸ்பிரிங்கைத் தட்டிவிட்டால் டயரின் விலாவில் போய் ஒட்டிக்கொள்ளும். சக்கரம் சுற்றச் சுற்ற அதன் தலையும் சுற்றும். 6 வோல்ட், 3 வாட், அவ்வளவுதான் அதன் சொத்து. வேகமாக மிதித்தால் வெள்ளையாக எரியும், மெதுவாகப் போனால் மஞ்சளாகி, சிவந்து, பீடி நெருப்பு மாதிரி ஆகிவிடும். நின்றால் அணைந்துவிடும். அதோடு, டயரை உரசுவதால் மிதிப்பவனுக்குக் கால் கனக்கும். யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பது போல இருக்கும்.

இதில் ஒரு சூட்சுமம் இருந்ததை இப்போதுதான் உட்கார்ந்து யோசிக்கிறேன். விளக்கு எரிய வேண்டுமானால் ஓரளவு வேகத்துக்குக் கீழே போக முடியாது. உரசல் இழுப்பதால் ஓரளவு வேகத்துக்கு மேலே போகவும் முடியாது. ஆக, கீழும் மேலும் கட்டிய ஒரு வேகத்தை அந்தச் சின்ன பாட்டில் எங்களுக்கு நிர்ணயித்துக் கொடுத்தது. மீட்டர் கிடையாது, கடிகாரம்கூட இரண்டு பேரிடம்தான். ஆனால் கிட்டத்தட்ட ஒரே சீராகத்தான் போனோம். மூத்தவன் ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தான்: "வெளிச்சத்த வுட்டு வெளிய போனவன் அப்படியே வூட்டுக்குப் போயிடு."

நல்ல டைனமோ முன்னால் போகும். இரண்டாவது டைனமோ கடைசியில் வரும். கடைசியில் எதற்கு என்றால், பின்னாலிருந்து விழும் வெளிச்சத்தில் முன்னால் போகிறவர்களின் நிழல் ரோட்டில் நீளும். கடைசி ஆள் நிழலை எண்ணிக்கொண்டே வருவான். ஒன்று குறைந்தால் "டேய்!" என்று ஒரு குரல். டைனமோ வண்டிக்காரனுக்குக் கால் ஓய்ந்தால் சைக்கிளை மாற்றிக்கொள்வோம், அதனால் எல்லோரும் ஒரு தடவை முன்னாலும் ஒரு தடவை பின்னாலும் ஓட்டினோம். இதையெல்லாம் திட்டம் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

பௌர்ணமி இருக்கும்போது விளக்கு எதற்கு என்று கேட்பீர்கள். நிலாவை நம்பித்தான் நாளே குறித்தோம். பௌர்ணமி நிலா பொழுது சாயும்போது எழும்பி, நடுராத்திரியில் உச்சிக்கு வந்து, விடியும்போதுதான் இறங்கும். ராத்திரி முழுக்கச் சம்பளமில்லாத காவல். வெட்டவெளியில் தாராளமாக ரோடு தெரியும். ஆனால் அன்றைய ரோடுகளில் பாதி தூரம் மரநிழல். புளியமர நிழலுக்குள் நுழைந்தால் பள்ளம் எது, நிழல் எது என்று கண்ணால் பிரிக்க முடியாது. நிலா இருப்பதால் அந்த இடத்தில் இன்னும் மோசம். தவிர, விளக்கில்லாத சைக்கிளைப் போலீஸ்காரர் நிறுத்தினால் நிலாவைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

நாங்கள் போன வழி அன்றைக்கு 'மகாபலிபுரம் ரோடு'. திருவான்மியூர் தாண்டிப் பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர், கேளம்பாக்கம், திருப்போரூர். ஊர்ப் பெயர்கள்தான் விளக்குக் கம்பங்கள். ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே இருட்டு. பனைமரம், வயல், கழிமுகத்து வாடை, கேளம்பாக்கத்தில் நிலவொளியில் வெள்ளையாக உப்பளம். கடலுக்குப் போகிற பயணம்தான், ஆனால் கடைசிவரை கடல் கண்ணில் படாது. ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத வீட்டுக்கு விருந்துக்குப் போவது போல.

பிறகு கடலை ஒட்டிய ரோடு சீர்செய்யப்பட்டு கிழக்குக் கடற்கரைச் சாலையாகி, 2002-இல் சுங்கச் சாவடியும் வந்தது. எங்கள் ரோட்டுக்கு முன்னால் 'பழைய' என்று ஒரு சொல் ஒட்டிக்கொண்டது. அதே 'பழைய' ரோட்டில்தான் 2000-இல் தரமணியில் டைடல் பார்க் திறந்தார்கள். கண்ணாடிக் கட்டடங்கள் வரிசையாக முளைத்து, நாங்கள் நிழல் எண்ணிப் போன இருட்டு முழுக்க இப்போது நியான் வெளிச்சம். பழைய ரோடு என்று பெயர் வைத்த பிறகுதான் அது புதிதாயிற்று. இன்றைக்கு அந்த வழியில் யாரும் ராத்திரி சைக்கிளில் கடலுக்குப் போவதில்லை. ஷிஃப்ட் முடிந்து பறக்கும் வண்டிகளுக்கு நடுவே போக யாருக்கும் துணிவில்லை, எனக்கும் இல்லை.

சைக்கிளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ், இல்லாவிட்டால் வடக்கேயிருந்து வந்த அட்லஸ், ஹீரோ. எல்லாம் 20 கிலோவுக்குக் குறையாதவை. கம்பி பிரேக், ஒரே கியர். இன்றைய கார்பன் சைக்கிளை இரண்டு விரலால் தூக்கிக் காட்டுகிறார்கள். இருபத்தி இரண்டு கியர் என்று ஒரு தம்பி பெருமையாகச் சொன்னார். சென்னையிலிருந்து மாமல்லபுரம் வரை ஏற்றம் என்று சொல்லிக்கொள்ள முட்டுக்காடு பாலத்தைத் தவிர எதுவும் இல்லை. இந்தக் கரையில் மலை என்றால் காற்றுதான். ஆனி, ஆடியில் தெற்கே போனால் தென்மேற்குக் காற்று முகத்தில் அறையும். மார்கழி, தையில் வாடை முதுகைத் தள்ளிக்கொண்டு போய் விடும். திரும்பி வரும்போது அதே வாடை கணக்குத் தீர்க்கும். மாசியில் இரண்டு தொல்லையும் அடங்கியிருக்கும். ராத்திரியில் நிலத்திலிருந்து கடலுக்கு லேசான காற்று, மழை கிடையாது, வெயில் ஏறுவதற்கும் பங்குனி ஆக வேண்டும். மாசிப் பௌர்ணமியைப் பெரியவர்கள் கடலாடும் நாளாக வைத்ததில் சைக்கிள்காரர்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

1986-இன் அந்த ராத்திரியில் கேளம்பாக்கம் தாண்டி ஒரு பஞ்சர். வாடகை சைக்கிளின் ட்யூபில் ஏற்கெனவே ஏழு ஒட்டு இருந்தது, நாங்கள் எட்டாவது ஒட்டினோம். சொல்யூஷன், உப்புத்தாள், பழைய ட்யூபில் வெட்டிய துண்டு, ஒரே ஒரு காத்துப் பம்பு. நின்றுவிட்டதால் டைனமோ இல்லை. ஒருவன் எவரெடி டார்ச்சைப் பிடிக்க, ஒருவன் பக்கத்துக் குட்டையில் ட்யூபை அமுக்கி முட்டை வருகிறதா பார்க்க, மற்றவர்கள் ரோட்டிலேயே உட்கார்ந்து எலுமிச்சம்பழச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். முக்கால் மணி நேரத்தில் ஒரே ஒரு லாரி போனது. அதையும் நிறுத்தி டிரைவர் கேட்டார், "என்னா தம்பிங்களா, எதனா ஒதவி வேணுமா?" வேண்டாம் என்றோம். "மெதுவா போங்கப்பா" என்று அவர் வேகமாகப் போனார்.

இப்போது இரவுச் சாலையின் குணமே வேறு. கிழக்குக் கடற்கரைச் சாலை மாமல்லபுரம் வரை நான்கு வழியாகிவிட்டது. அதற்குத் தெற்கேயும் அகலப்படுத்துகிறார்கள். நடுவில் தடுப்பு, பல இடங்களில் விளக்கு. பள்ளத்தைப் பற்றிய பயம் போயிற்று. அதற்குப் பதில் பின்னாலிருந்து வருகிறவனைப் பற்றிய பயம். சனிக்கிழமை இரவு ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை, விருந்து முடிந்து திரும்பும் கார்களும் பந்தயம் விடும் பைக்குகளும் இந்த ரோட்டில் பறக்கும். அன்று நாங்கள் ரோட்டைப் பார்க்க விளக்கு கொண்டுபோனோம். இன்று எங்களைப் பிறர் பார்க்க விளக்கு கொண்டுபோகிறோம். என்னைக் கேட்டால் முன்விளக்கைவிடப் பின்விளக்குக்குத்தான் அதிகம் செலவழிக்க வேண்டும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள், முன்னால் கார் ஹெட்லைட் மாதிரி ஒன்று, பின்னால் மின்மினிப் பூச்சி.

இந்தக் காலத்துக் கூட்டத்தில் நான் சேர்ந்தது ஓய்வுபெற்ற பிறகு. டாக்டர் நடக்கச் சொன்னார், நடை அலுத்தது. மகன் ஒரு கியர் சைக்கிள் வாங்கிக் கொடுத்தான். பக்கத்து அடுக்குமாடியில் ஒரு தம்பி தன்னுடைய குழுவில் சேர்த்துவிட்டார். புறப்படும்போது எல்லோரும் என்னை 'அண்ணா' என்றார்கள். முட்டுக்காட்டில் 'சார்' ஆனேன். திருவிடந்தை வரும்போது 'அங்கிள்'.

முதல் பயணத்திலேயே ஒரு விபரீதம் நடந்தது. எந்தக் குழு என்று சொல்லப் போவதில்லை. நல்ல பிள்ளைகள், இப்போதும் அவர்களோடுதான் ஓட்டுகிறேன். வாட்ஸ்ஆப்பில் எல்லா ஏற்பாடும் பிரமாதமாக நடந்திருந்தது. வரைபடம், புறப்படும் நேரம், எங்கெங்கே தேநீர், எல்லோருடைய இருப்பிடமும் போனில் புள்ளியாகத் தெரியும் வசதி. போனவுடன் 'சேர்ந்துவிட்டேன்' என்று கட்டைவிரல் போட வேண்டும். முதல் ஆறு பேர் மாமல்லபுரத்துக்கு நாலு மணிக்கு முன்பே போய்விட்டார்கள். கூட்டத்துக்குப் புதிதாக வந்திருந்த ஒரு அம்மா, என்னைவிட நாலைந்து வயது இளையவர், கோவளம் தாண்டி ஒரு சவுக்குத் தோப்பு ஓரமாகப் பஞ்சராகி நின்றிருந்தார். போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அவருடைய புள்ளி அதே இடத்தில் நிற்பதைப் பலரும் பார்த்திருக்கிறார்கள். 'ரெஸ்ட் எடுக்குறாங்க போல' என்று முன்னால் போனவர்கள் நினைத்தார்கள். நடுவில் போனவர்கள், பின்னால் வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தார்கள். பின்னால் வந்த நாங்கள் மூன்று பேரும் அவர் முன்னாலேயே போய்விட்டார் என்று நினைத்து, ரோட்டின் அந்தப் பக்கம் திரும்பாமலே தாண்டிவிட்டோம். நாற்பது நிமிடம் அவர் தனியாக நின்றிருக்கிறார். கடைசியில் மீன் ஏற்றப் போன ஒரு குட்டியானை வண்டிக்காரர்தான் நிறுத்தி, தன் போனைக் கொடுத்து, எங்களில் ஒருவர் வரும்வரை கூடவே நின்றார். "இவ்ளோ பேரு போறீங்க, ஒருத்தங்க கொறையிறது தெரியலயா?" என்று அவர் கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை.

26 விளக்கு இருந்தும் யாரும் நிழல் எண்ணவில்லை. அவரவர் வெளிச்சம் அவரவருக்குப் போதுமாக இருந்தது.

அதற்கு அடுத்த வாரம் தேநீர்க் கடையில் உட்கார்ந்து பேசினோம். நான் டைனமோ கதையைச் சொன்னேன். ஒரு தம்பி போனில் தேடிவிட்டு, "அங்கிள், லண்டன்ல இப்படித்தான் பண்றாங்களாம்" என்றார். அங்கே வெள்ளிக்கிழமை நடுராத்திரி ஹைட் பார்க் முனையில் கூடி, விடியற்காலையில் பிரைட்டன் மாதிரி ஏதாவது ஒரு கடற்கரைக்குப் போய்ச் சேரும் வழக்கம் உண்டு. திருப்பம் வரும் இடத்திலெல்லாம் ஒருவர் இறங்கி நின்றுகொள்வார். கடைசி ஆள் கடந்த பிறகுதான் அவர் நகர்வார். கடைசியில் வருவதற்கென்றே பொறுப்பான சிலர். யாரையும் விட்டுவிட்டுப் போவதில்லை என்பதுதான் அவர்களுடைய முதல் விதி. அதே ஊரிலிருந்து 1993 முதல் இன்னொரு கூட்டமும் போகிறது. ஜூலை மாதத்தில் பௌர்ணமியை ஒட்டிய ஒரு சனிக்கிழமை இரவு, 180 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி டன்விச் என்ற கடலோரக் கிராமத்துக்குப் போவார்கள். டன்விச் ஒரு காலத்துப் பெரிய துறைமுகம், பெரும்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. நமக்குப் பூம்புகார் மாதிரி. அந்தப் பயணத்தில் திருப்பங்களைக் காட்ட ஜாம் பாட்டிலுக்குள் மெழுகுவர்த்தி ஏற்றி ரோட்டோரம் வைப்பார்கள். ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவனும் நிலாவைப் பார்த்துத்தான் நாள் குறிக்கிறான் என்பதில் எனக்கொரு சந்தோஷம். "இதெல்லாம் சைதாப்பேட்டையில் 1986-லேயே உண்டு" என்று தம்பியிடம் சொல்லிவைத்தேன்.

கூட்டமாகப் போவதா, அவரவர் வேகத்தில் போவதா என்ற தகராறு சைக்கிள் உலகில் நூறு வருஷத்துக்கும் மேல் பழையது. 1897-இல் இத்தாலியர் சிலர் ரோமிலிருந்து நேப்பிள்ஸ் கடற்கரை வரை ஏறக்குறைய 230 கிலோமீட்டரை ஒரே பகலில் ஓட்டி முடித்தார்கள். துணிச்சல்காரர்கள் என்ற பொருளில் 'ஆடாக்ஸ்' என்ற பெயர் அங்கிருந்து வந்தது. 1904-இல் அது பிரான்சுக்குப் போனது. ஆடாக்ஸ் என்றால் தலைவர் ஒருவர் முன்னால் போவார். அவரை யாரும் முந்தக் கூடாது. கூட்டம் மொத்தமும் ஒரே வேகம். இன்றும் அந்த மரபில் ஓட்டுகிறவர்களுக்கு மணிக்கு 22.5 கிலோமீட்டர் என்று கணக்கு. 1921-இல் அவரவர் வேகத்தில் ஓட்டும் இன்னொரு வகை பிரிந்தது. நம் ஊரில் இளைஞர்கள் அட்டையில் முத்திரை வாங்கிக்கொண்டு ஓட்டும் 200, 300, 400, 600 கிலோமீட்டர் பயணங்கள் இந்த இரண்டாவது வகை. 200-ஐ பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும், 300-ஐ 20 மணி நேரத்தில். சாப்பாடும் தூக்கமும் பஞ்சரும் அதற்குள் அடக்கம். இந்தப் பயணங்கள் புதுச்சேரி வழியில் ராத்திரி முழுக்க நடக்கின்றன. மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி, ஒற்றையாகப் போகும் ஒரு சிவப்பு விளக்கைப் பார்த்தால் அது பெரும்பாலும் அவர்களில் ஒருவர்தான். அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர்களுடைய பழக்கத்தைக் கொண்டுவந்து பொதுக் கூட்டத்தில் பொருத்தியதுதான் எங்கள் தவறு. தனியாகப் போகத் தெரிந்தவன் தன்னைக் கவனித்துக்கொள்வான். கூட்டத்தில் வருபவர் கூட்டத்தை நம்பி வருகிறார்.

இப்போது எங்கள் கணக்கு விடியலில் தொடங்குகிறது. மாசியில் இங்கே சூரியன் கிட்டத்தட்ட ஆறரை மணிக்கு எழும். ஐந்தரைக்குக் கரையில் இருக்க வேண்டும். திருவான்மியூரிலிருந்து 45 கிலோமீட்டர். மணிக்கு 15 என்றால் மூன்று மணி நேரம். உத்தண்டி, முட்டுக்காடு, கோவளம், வடநெம்மேலி முதலைப் பண்ணை என்று நான்கு இடத்தில் கூடுவோம். ஒவ்வொன்றும் பத்து நிமிடம் என்று எழுதுவார்கள். 26 பேர் என்றால் அது இருபது நிமிடம்தான். ஒருவர் தண்ணீர் குடித்து முடிக்கும்போதுதான் இன்னொருவருக்குப் பாத்ரூம் ஞாபகம் வரும். பஞ்சருக்கு அரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். பஞ்சர் ஆகாவிட்டால் அதிர்ஷ்டம். எல்லாம் கூட்டினால் ஐந்து மணி நேரம். ஆகவே பன்னிரண்டரைக்குப் புறப்பாடு. 1986-இல் பத்து மணிக்கே கிளம்பினோம். அதற்குக் கணக்கு எதுவும் கிடையாது, அதற்குமேல் வீட்டில் கதவைத் தாழ் போட்டுவிடுவார்கள்.

வேகத்தை எப்படி நிர்ணயிப்பது என்பதில்தான் இளைஞர்களோடு ரொம்ப நாள் இழுபறி. எல்லோருடைய வேகத்தையும் கூட்டிச் சராசரி எடுக்கலாம் என்று ஒருவர் கணினியில் போட்டுக் காட்டினார். கூட்டத்துக்குச் சராசரி வேகம் என்று ஒன்று கிடையாது. மெதுவாக ஓட்டுகிறவருடைய சௌகரியமான வேகம்தான் கூட்டத்தின் வேகம். அவர் மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே மிதிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் சரியான வேகம். முடியாவிட்டால் கோவளத்தில் அவருக்குக் கால் பிடிக்கும், அங்கே மொத்தக் கூட்டமும் நிற்கும். முதல் ஒரு மணி நேரத்தில் வேகமாகப் போய்ச் சம்பாதித்த நேரத்தைக் கடைசி ஒரு மணி நேரத்தில் வட்டியோடு திருப்பிக் கொடுக்காதவர்களை நான் பார்த்ததில்லை.

இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரைதான் கண்டம். உடம்புச் சூடு குறைந்து தூக்கம் தள்ளும் நேரம் அது. கண் திறந்திருக்கும், கை பிரேக்கில் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். அன்று நாங்கள் பாட்டுப் பாடிச் சமாளித்தோம். பாட முடியாதவன் கெட்ட வார்த்தை சொல்லிச் சமாளித்தான். இப்போது நடு வரிசையில் போகிறவர்கள் பக்கத்து ஆளோடு பேச்சை விடக் கூடாது என்று வைத்திருக்கிறோம். காதில் பாட்டு மாட்டிக்கொள்வதை மட்டும் கண்டிப்பாகத் தடுத்திருக்கிறேன். அன்று மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்து வருகிறவருக்கு இந்தத் தொல்லை பாதிதான். புறப்படும் முன் பிரியாணி சாப்பிட்டு வருகிறவருக்கு இரட்டிப்பு.

சாப்பாட்டில் ஏகப்பட்ட மாற்றம். பிதுக்கிச் சாப்பிடும் ஜெல், தண்ணீரில் கரையும் வில்லை, சாக்லேட் போல ஏதோ பட்டை. சாப்பிட்டுப் பார்த்தேன். ராத்திரி மூன்று மணிக்கு வாழைப்பழத்தையும் கடலை மிட்டாயையும் ஜெயிக்கிற சரக்கு இன்னும் வரவில்லை. ஒன்றில் மட்டும் புதியவர்கள் எங்களைவிட விவரம்: தண்ணீர். வெயில் இல்லாததால் தாகம் தெரியாது, ஆனால் இந்தக் கடலோரப் புழுக்கத்தில் சட்டை பிழிகிற அளவு வேர்க்கும். தாகம் வருவதற்கு முன்பே உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கிறார்கள். நாங்கள் திருப்போரூரில் அடிபம்பைக் கண்டபோது வயிறு முட்டக் குடித்துவிட்டு, அடுத்த பத்து கிலோமீட்டருக்கு விலாவைப் பிடித்துக்கொண்டு ஓட்டினோம்.

இன்னொரு மாற்றத்தை ஒரே வரியில் கடந்துபோக மனமில்லை. எங்கள் பதினொரு பேரில் பெண் ஒருத்தியும் இல்லை. இருந்திருக்கலாமே என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை. என் தங்கைக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும், ஆனால் அவள் தெருமுனைவரை ஓட்டியதே வீட்டில் பெரிய பேச்சு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்த்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். பிறகு அரசு பள்ளி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுத்தது. போன மாசியில் வந்த 26 பேரில் ஒன்பது பேர் பெண்கள். இப்போது கூட்டத்தை முன்னால் நடத்திப் போவது அவர்களில் ஒருவர். பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்த சைக்கிளில்தான் பழகினாராம். மணிக்கு 18 கிலோமீட்டருக்கு மேல் போக மாட்டார், அவரை முந்தவும் யாருக்கும் தைரியம் கிடையாது. சவுக்குத் தோப்பு ஓரம் தனியாக நின்ற அந்த அம்மாவும் திரும்ப வந்தார். வர மாட்டார் என்றுதான் நினைத்தேன்.

1986-இல் திரும்பி வந்த கதை சொல்லும் தரமில்லை. போவதற்கு மட்டுமே யோசித்திருந்தோம், வருவதற்கு யாரும் யோசிக்கவில்லை. நான்கு பேர் சைக்கிளைப் பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். மற்றவர்கள் பத்து மணி வெயிலில் மிதித்தோம். திங்கட்கிழமை வகுப்புக்கு மட்டம். சங்கிலியில் ஒட்டியிருந்த கடல் மணலைப் பார்த்துவிட்டு வாடகைக் கடைக்காரர், "ஏம்பா, அடையாறுல எந்த எடத்துல இந்த மண்ணு?" என்றார். எலியட்ஸ் பீச் என்றோம். நம்பினாரா தெரியாது, வாடகையை மட்டும் ஒன்றரை மடங்காக வாங்கிக்கொண்டார். இப்போது சைக்கிள்களை ஏற்ற ஒரு மினி லாரி ஏழு மணிக்கு வந்து நிற்கிறது. இந்த ஒரு விஷயத்தில் பழைய காலத்துக்காக நான் வாதாட மாட்டேன்.

அன்று விடியற்காலையில் கடற்கரைக் கோயில் வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனோம். யாரும் நிறுத்தவில்லை. 1984-இலேயே யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய இடம் அது என்பது எங்களுக்குத் தெரியாது. இப்போது வேலி, புல்வெளி, டிக்கெட். ஆனால் மாசி மகத்துக்கு அந்தக் கரையில் மாறாத ஒரு கூட்டம் உண்டு. முந்தின நாளே பல ஊர்களிலிருந்து இருளர்கள் குடும்பம் குடும்பமாக வந்து, சேலைகளைக் கட்டிக் கூடாரம் போட்டு மணலில் தங்குவார்கள். விடியும் நேரத்தில் கடலோரம் கன்னியம்மனைக் கும்பிடுவார்கள். அங்கேயே கல்யாணமும் நடக்கும். 1986-இல் நாங்கள் பதினொரு பேரும் மூச்சு வாங்க வந்து நின்றபோது ஒரு பாட்டி எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஒரு சட்டியில் தண்ணீர் நீட்டினார். போன மாசியிலும் அதே இடத்தில் கூடாரங்கள் இருந்தன. நான் வந்து சேரும்போது சூரியன் ஒரு ஆள் உயரம் ஏறியிருந்தது. கடைசியில் வருவது இப்போது என் வேலை. பையில் இரண்டு ட்யூப், ஒரு பம்பு, ஒட்டுச் சாமான், கடலை மிட்டாய்.

வருகிற மாசி மகத்துக்கும் போகிறோம். இரவு பன்னிரண்டரை, திருவான்மியூர். பின்விளக்கு கட்டாயம், மத்தியானம் தூங்கிவிட்டு வாருங்கள். மெதுவாக ஓட்டுகிறவர்கள் தயங்க வேண்டாம், நான் உங்களுக்குப் பின்னால்தான் வருவேன்.